ஒத்தைப் படம்

எனக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரருக்கு ஒருத்தி இருந்தாள் என்று நான் சொன்னால், கேட்பவர்கள் ஒரு நிமிஷம் திகைத்துப் போவார்கள். அந்த ஒருத்தி ஒரு கேமரா. இரண்டு உலகப் போருக்கும் நடுவில் ஜெர்மனியில் செய்தது. மூடியிருக்கும்போது தடிமனான புத்தகம் போல இருக்கும். பக்கத்துப் பொத்தானை அழுத்தி முன்கதவைக் கீழே இறக்கினால், கறுப்புத் துருத்தி ஒன்று லென்ஸைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். இவருடைய தாத்தா புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். தாத்தாவிடமிருந்து மாமனாருக்கும் மாமனாரிடமிருந்து இவருக்கும் வந்தது. சொத்து என்று வேறு எதுவும் வராததால் இதற்கு ஏகப்பட்ட மரியாதை.

நாங்கள் அப்போது பெரிய முதலியார்சாவடியில் வாடகைக்கு இருந்தோம். கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், என் தையல் மெஷின் துருப்பிடிக்கும், பூட்டு திறக்காது. அதற்கெல்லாம் எண்ணெய் போட ஆள் கிடையாது. கேமராவுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உபசாரம் நடக்கும். குளிப்பாட்டாத குறைதான். துடைத்து, மென்துணியில் சுற்றி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலத் தோல் பெட்டியில் படுக்க வைப்பார். எனக்கு எரிச்சலாக வரும். வாயைத் திறந்து சொல்லவும் சொல்வேன்.

அதற்குக் கண்ணாடித் தகடு வேண்டும். அதை இப்போது யாரும் விற்பதில்லை. ஆனால் இவர் புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். தேதி முடிந்த எக்ஸ்ரே ஃபிலிமை அங்கே இருட்டறையின் சிவப்பு விளக்கில் அளவாக வெட்டி, தகடு வைக்கிற தட்டையான தகரக் கூட்டுக்குள் செருகிக்கொண்டு வருவார். ஒரு கூட்டில் ஒரு படம்தான். எடுத்து முடித்ததும் அந்தக் கூட்டை உருவிவிட்டு வேறு கூட்டைப் போட வேண்டும். மாற்ற மறந்தால் தடுக்கவோ எச்சரிக்கவோ அந்தக் கேமராவில் ஒன்றும் கிடையாது.

அப்பா மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தார். முதலாளி என்று யாராவது கூப்பிட்டால் சிரிப்பார். குத்தகைக்கு எடுத்த கொஞ்சம் பாத்தி, அதில் ஆட்களோடு ஆளாக அவரும் இறங்கி உப்பு வாருவார். 2004 மார்கழியில் கடல் உள்ளே வந்தபோது எங்கள் வரப்புகளையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அனுமந்தைப் பக்கத்து ஊர்களில் போன உயிர்களை நினைத்தால் நம்முடையது ஒரு நஷ்டமா என்று சொல்லி, அப்பா யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. தை மாதம் முழுக்க மண் சுமந்து வரப்பு கட்டினார். மூச்சு வாங்கியது. வேலை அதிகம், அதுதான் என்றார். மாசியில் ஒரு நாள் மண் கூடையோடு பாதி வழியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இவர்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தார். கழுவின ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர், வழக்கமாக வாய் ஓயாத மனிதர், ஒன்றும் பேசாமல் டாக்டரிடம் கொண்டுபோனார். அப்பாவின் இதயம் பெரிதாகியிருந்தது. உள்ளே ஒரு வால்வு பழுது. நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும், பிழைக்கிற வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். சீசன் முடியட்டும் என்று அப்பா இழுத்துப் பார்த்தார். கடைசியில் வைகாசியில் அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது.

அடுத்த முறை நான் மரக்காணம் போனபோது, அம்மா மீன் கழுவிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"வூட்ல அவரு படம் ஒண்ணு கூட இல்லடி."

எதற்குச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகளில், சுவரில் ஒரு ஆள் தனியாக இருக்கிற படம் மாட்டியிருந்தால் அவர் உயிரோடு இல்லை என்று அர்த்தம். இருப்பவர்கள் ஜோடியாகவோ கும்பலாகவோதான் படத்தில் இருப்பார்கள். ஒத்தைப் படத்துக்கு மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் உண்டு. வீட்டுக்குள் நுழைகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் குரலை இறக்கிக்கொள்வார்கள்.

"கம்முனு இரும்மா," என்றேன். அவள் கம்மென்றுதான் இருந்தாள், நான்தான் கத்திக்கொண்டே போனேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தி முடித்த பிறகு யோசித்துப் பார்த்தால், அம்மா சொன்னது நிஜம். என் கல்யாண ஆல்பத்தில் அப்பா பந்திக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டேயிருக்கிறார். ஒரு படத்தில் முதுகு, ஒரு படத்தில் சாம்பார் வாளி பிடித்த கை. வாக்காளர் அட்டையில் இருப்பது அப்பாவா பக்கத்து வீட்டுக்காரரா என்று அப்பாவே சந்தேகப்படுவார். ஸ்டுடியோ என்றால் படியேற மாட்டார். அன்று ராத்திரி இவரிடம் சொன்னபோது, இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஊரே கவலையில் இருக்கும்போது இவருக்குக் கேமராவை எடுக்க ஒரு சாக்கு.

அப்பாவிடம் சொல்லும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் போட்டோ கேட்கிறார்கள் என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். அப்பா அதை அவளிடம் மறுக்கவில்லை. மருமகனிடம் மட்டும் கேட்டார்.

"ஏன் மாப்ள, நெஞ்சுக்குள்ளயே பூந்து போட்டோ புடிச்சிட்டீங்க. அப்புறம் மூஞ்சி எதுக்குங்க அவங்களுக்கு?"

இவர் இருமினார். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று யாரால் சொல்ல முடியும் என்பது மாதிரி ஏதோ முணுமுணுத்தார். அப்பா சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். ஆனால் வீட்டில் எடுக்கக் கூடாது, உப்பளத்தில்தான் நிற்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். உப்பு நன்றாக விளைந்திருந்த நேரம். வாரிய உப்பு மேடு மேடாகக் குவிந்து, வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இவர் மூன்று கால் ஸ்டாண்டை வரப்பில் ஊன்றிக் கேமராவை ஏற்றினார். வலது பக்கம் வெள்ளை உப்பு மேடு, இடது பக்கம் தார் பூசிய கறுப்பு மோட்டார் கொட்டகை, நடுவில் தண்ணீர். அப்பாவை உப்பு மேட்டுக்கு முன்னால் நிற்க வைத்தார்.

அப்பா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். அம்மா பவுடர் டப்பாவைக் கையோடு எடுத்து வந்து, மாட்டேன் மாட்டேன் என்றவரைப் பிடித்து முகம் முழுக்க அப்பிவிட்டாள். போட்டோவுக்குப் பவுடர் போடாமல் நிற்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. முகம் வெள்ளை, கழுத்து உப்பளத்துக் கறுப்பு. கூத்தில் வேஷம் பாதியில் நின்றவர் மாதிரி இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேமராவின் பின்பக்கம் ஒரு பால் கண்ணாடி இருக்கிறது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, அந்தக் கண்ணாடியில் உருவம் தெளிவாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு கண்ணாடியைக் கழற்றி அந்த இடத்தில் ஃபிலிம் கூட்டைச் செருக வேண்டும். இவர் அப்படியே செய்தார். பல்லி சொல்வது போல ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், ஒரு படம் முடிந்தது.

"இன்னொண்ணு எடுத்துக்கலாம் மாமா, எதுக்கும் இருக்கட்டும்," என்று சொல்லி, கூட்டை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு, மறுபடியும் கண்ணாடியை மாட்டினார்.

"நானும் ஒரு வாட்டி பாக்கறேங்க மாப்ள," என்று அம்மா துணிக்குள் தலையை விட்டாள்.

பிறகு துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க இது. தலைகீழா தொங்கறாரே."

"லென்ஸ் அப்படித்தாங்க அத்தை காட்டும். படத்துல நேராயிடும்."

"அதெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க." துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவளின் முகம் வெளிறியிருந்தது. "மண்ணு மேல இருக்குது, வானம் கீழ இருக்குது, நடுவுல இவரு காலு மேல தூக்கினு தொங்கறாரு. ஆபரேஷனுக்குப் போற மனுஷன் இப்படியா இருக்கணும். இந்தப் படத்த நான் எப்படி செவுத்துல மாட்டுவேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர் கேமராவைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றார்.

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தார். பழைய கறுப்பு முகம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

"மாட்டறதுக்குத்தானா," என்றார். "ஆஸ்பத்திரிலயே கேக்கறாங்கன்னு சொன்ன. சரி, எழுந்திரு. போய் அந்த மோட்டார் கொட்டாயாண்ட நில்லு. நீ எப்படித் தெரியறேன்னு நான் பாக்கறேன்."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு போய் நிழலில் நின்றாள். நின்ற இடத்திலிருந்து கடவுளையும் டாக்டரையும் கேமராவையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்பா துணிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. பார்த்தால் அவர் முதுகு குலுங்குகிறது. மூச்சு திணறுகிறதோ, அழுகிறாரோ என்று நான் பதறிப் போய்த் துணியை இழுத்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு.

"உங்கம்மா தலைகீழா நின்னாலும் வாய் நிக்கல பாரு," என்றார்.

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பாதலால் இரண்டையும் நிறுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். "மாப்ள, மொதல்ல ஒத்தையா எடுத்தீங்களே, அதத் தூக்கிப் போட்டுடுங்க. இப்ப ரெண்டு பேரையும் சேத்து எடுங்க. ஒத்தையா நிக்கறத வந்து நிக்கறேன்."

"எங்கேருந்து வந்து?" என்றாள் அம்மா.

"ஆஸ்பத்திரிலருந்துதான். வேற எங்க போறேன் நானு."

இவர் அவசரமாகப் பைக்குள் கையை விட்டு ஒரு கூட்டை எடுத்துச் செருகினார். பல்லி மறுபடியும் சொன்னது. அம்மா அப்பாவின் சட்டைக் கையை விடாமல் பிடித்திருந்தாள். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, வந்து நிற்கிறேன் என்று அப்பா சொன்னதையே நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று ஊரில் பேர் எடுத்தவர். இதையும் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஒரு படத்தை நீட்டினார்.

படத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கறுப்புக் கொட்டகைக்கு முன்னால் அம்மாவும் அப்பாவும் அழுத்தமாக, தெளிவாக நின்றார்கள். அந்தப் பக்கம் உப்பு மேட்டுக்கு முன்னால் இன்னொரு அப்பா, பவுடர் முகத்தோடு தனியாக. தூக்கிப் போடச் சொன்ன அந்தக் கூட்டையே இவர் மறுபடியும் எடுத்துச் செருகியிருக்கிறார். ஒரே ஃபிலிமில் இரண்டு படமும் விழுந்துவிட்டது. பின்னால் வெள்ளை உப்பு இருந்ததால் தனியாக நின்ற அப்பா புகை மாதிரி இருந்தார். அவர் நெஞ்சு வழியாக உப்பு மேடு தெரிந்தது.

நான் கத்தினேன். நாள் முழுக்க ஊர் நெஞ்சையெல்லாம் படம் எடுக்கிற மனிதருக்கு ஒரு கூட்டை மாற்றத் தெரியாதா என்று கேட்டேன். அந்த டப்பாவைக் கடலில் போடுங்கள் என்றேன். இவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். பிறகு மெதுவாக, "அத்தை அழுததுல பயந்துட்டேன், எந்தக் கூடுன்னு பாக்கல," என்றார். அந்த எக்ஸ்ரேயை முதலில் பார்த்தது இவர்தானே. அன்றிலிருந்து என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவர் இவர்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் இறங்கிவிட்டது. பயம் மட்டும் இருந்தது.

கூட்டை மாற்றாததால் வந்தது, அவ்வளவுதான், எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஆனாலும் அந்த நெஞ்சையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழித்துப் போடவும் கை வரவில்லை, அப்பா படத்தை எப்படிக் கிழிப்பது. வீட்டில் விட்டுவிட்டுப் போகவும் பயம். கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் இன்னும் கழுவவில்லை என்று இருவரும் ஒரே பதிலைச் சொன்னோம்.

ஆபரேஷன் அன்று காலையில் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது மோட்டாருக்கு டீசல் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மா குலதெய்வத்தோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள், முதலில் பொங்கல், பிறகு கிடா, கடைசியில் அப்பாவையே கேட்காமல் அவருக்கு மொட்டை. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜிப்பைத் திறக்கவே இல்லை. இரண்டு அப்பாவில் எந்த அப்பா வெளியே வருவார் என்கிற நினைப்பை விரட்ட விரட்ட அது திரும்பி வந்தது. இப்படி நினைக்கிறோமே என்று என்மேலேயே ஆத்திரம்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "நல்லபடியா முடிஞ்சுதும்மா. வால்வு நல்லா வேலை செய்யுது," என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் அகோரப் பசி வந்தது. அம்மா எழுந்து, பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "சாப்டீங்களா, போய் சாப்டுங்க" என்று சொல்லிக்கொண்டு போனாள். இவரைக் காணோம். தேடிப் போனால் எக்ஸ்ரே ரூம் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணில் மருந்து பட்டுவிட்டது என்றார். ஆமாம் என்றேன்.

அப்பா வார்டுக்கு வந்து எழுந்து உட்கார ஆரம்பித்த பிறகு, இவரே புது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். நெஞ்செலும்பைக் கம்பி போட்டு முறுக்கியிருப்பது அதில் தெரிந்தது. "நம்ம கொட்டாய்க் கதவ இந்த மாதிரிதான் கட்டி வெச்சிருக்கேன்," என்றார் அப்பா. அந்தப் பேச்சைக் கேட்டதும், இனிமேல் மறைக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. பையைத் திறந்து படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். நடந்ததை இவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அம்மா படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். முகம் மாறுவதற்குள் அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"தோ, இந்தப் பவுடர் போட்டுனு நிக்கறானே," என்று உப்பு மேட்டுப் பக்கம் விரலை வைத்தார். "இவன ஆஸ்பத்திரிலயே வுட்டுட்டுப் போறேன். நான் உன்னாண்ட நிக்கறவன்."

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்று தலையணையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா அவர் கையிலிருந்து படத்தைப் பிடுங்கி முந்தானையால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த மாசியில் அப்பா உப்பளத்துக்குத் திரும்பியிருந்தார். கூடை தூக்கக் கூடாது என்பதால் வரப்பில் நின்று மற்றவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். அவராகவே போன் போட்டு, "மாப்ள, அந்த டப்பாவ எடுத்துனு வாங்க. ஒண்ணு பாக்கி இருக்குது," என்றார்.

அதே இடம், அதே உப்பு மேடு. பவுடர் கிடையாது. சட்டையின் மேல் பொத்தானைப் போட அப்பா மறந்திருந்தார், தழும்பின் நுனி தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. இவர் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, என்னிடமும் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் பைக்குள் வைத்தார். அம்மா கேட்காமலேயே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள்.

"சரியாத்தான் நிக்கறாரு," என்றாள் உள்ளேயிருந்து. "எடுங்க."

படம் அற்புதமாக வந்தது. கண்ணோரச் சுருக்கமும் தழும்பும் பின்னால் உப்புக் கல்லும் தனித்தனியாகத் தெரிந்தன. இவர் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே நல்லது அதுதான். ஆனால் சுவரில் தொங்குவது அதுவல்ல, மூன்று பேர் இருக்கிற படம். அந்தப் பக்கம் நிற்பது அவர் அண்ணனா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அப்பாவும் சளைக்காமல் பவுடர்க்காரன் கதையைச் சொல்லுவார்.

ஒத்தைப் படத்தை அம்மா பழைய துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்துவிட்டாள். போன வாரம் போயிருந்தபோது, அந்தப் படத்தைக் கொடும்மா, ஒரு பிரதி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் பெட்டியைத் திறக்கவில்லை. அதன்மேல் வசதியாக ஏறி உட்கார்ந்துகொண்டு, "அது எதுக்குடி இப்ப," என்றாள். வாசலில் அப்பா சாப்பாட்டுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.